நூறு சதவீதத்துக்கு ஒரு கடிதம்

காலை எட்டேகாலுக்கு எங்கள் பள்ளி வாசலில் நின்றால் அருப்புக்கோட்டை எப்படிப் பிரிந்துபோகிறது என்று தெரியும். மஞ்சள் வேன்கள் வரிசையாகக் கடந்துபோகும். ஜவுளிக்கடை, பலசரக்குக் கடைப் பிள்ளைகளும், நிலபுலன் உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போய்விடும். மிச்சம் உள்ளவர்கள் நடந்து வந்து எங்கள் கேட்டுக்குள் நுழைவார்கள். மில் வேலை, தறி வேலை, கட்டட வேலை, கரிமூட்டம் என்று போகிறவர்களின் பிள்ளைகள். மில்லுக்காக வடக்கே இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது நாலைந்து பேர். அந்த மஞ்சள் வேன் ஒன்றில் என் மகனும் போனான் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நான் முழிக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு நான் வகுப்பாசிரியை, கணக்கும் நான்தான் எடுத்தேன். மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையும் என் தலையில். பெற்றோர் தொழில் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. எல்லோருக்கும் ‘கூலி’ என்று போட்டுக்கொண்டே போவேன். நெட் மெதுவாக வரும், பிள்ளைகளோ அறுபதுக்குப் பக்கம். யார் எந்த வேலைக்கு எந்த மாதம் போகிறார்கள், அதனால் எந்தப் பிள்ளை எப்போது வராமல் போகும் என்றெல்லாம் கேட்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. வராதவர்களைச் சோம்பேறி என்று திட்டுவது சுலபமாக இருந்தது.

முந்தின வருடம் எங்கள் பள்ளியில் சிலர் பெயிலானார்கள். மாவட்டக் கூட்டத்தில் தலைமையாசிரியரை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் எங்களிடம், “இந்த வருசம் நூறு வந்துரணும்” என்றார். யாரையும் நீக்கச் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நாங்களாகவே புரிந்துகொள்வோம். தேறாது என்று தோன்றும் பிள்ளையின் வீட்டாரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தனியாகத் தேர்வு எழுதலாம் என்று பக்குவமாகச் சொல்வது பல இடங்களில் நடக்கிறதுதான். பட்டியலில் பெயர் இல்லாதவர் பெயிலாக முடியாது. வேறு பள்ளிகளில் இப்படி நடந்ததைக் கேள்விப்பட்டபோது நான் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை. மூன்றாவது பெஞ்சு. அதிகம் பேசாது. காலாண்டில் கணக்கில் இருபத்திரண்டு, அரையாண்டில் முப்பத்தொன்று. வருகைப் பதிவேட்டில் அது வந்த நாட்களைவிட வராத நாட்கள்தான் கண்ணில் படும். இருபத்திரண்டு முப்பத்தொன்றாக ஏறியிருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தைந்துக்கு நாலு குறைகிறது என்பதுதான் தோன்றியது.

பொங்கல் லீவுக்கு முந்தின வாரம் அதன் அம்மா வந்தார். தேர்வு எழுதுவோர் பட்டியலை அந்த வாரம்தான் முடித்து அனுப்ப வேண்டும். அவர் ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“நரிக்குடிப் பக்கம் மூட்டம் போடப் போறோம் டீச்சர். ஒரு மாசம் ஆகும். வெறகடுக்கி மண்ணு பூசித் தீய வச்சுட்டா, ராவும் பகலும் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தாலும் கரி சாம்பலாப் போயிரும். சின்னதப் பாத்துக்க இவ வந்தாத்தான் முடியும். லீவு குடுங்க. புத்தகத்த எல்லாம் எடுத்துட்டுத்தான் வாரா.”

சொல்லாமலே போய்விடுகிறவர்கள் நிறைய. இவர் லீவு கேட்பதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நானே கடிதம் எழுதினேன். ‘குடும்பத்துடன் வெளியூர் செல்வதால் என் மகளின் மாற்றுச் சான்றிதழை வழங்கிப் பள்ளியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ மை டப்பாவைத் திறந்து வைத்தேன். அவர் பெருவிரலைச் சேலைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துவிட்டு ரேகை வைத்தார்.

“லீவு லெட்டர்தான டீச்சர்?” என்று கேட்டார்.

“ஆமாம்மா, போயிட்டு வாங்க” என்றேன்.

அந்த ‘ஆமா’வை நான் யோசித்துச் சொல்லவில்லை என்று பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன். அன்று மத்தியானமே கணினியில் அந்தப் பிள்ளையின் பெயரை எங்கள் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாசி மாதம் நடுவில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பிள்ளை யூனிபார்மில் வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. நான் உள்ளே போனதும் எழுந்து வந்து கணக்கு நோட்டை நீட்டியது. வடிவியலும் வரைபடமும் மூட்டத்தில் இருந்தபடி போட்டவை. தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தடவை. ஒன்றில்கூடத் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. இரண்டும் சேர்த்துப் பதினாறு மதிப்பெண். இந்தப் பதினாறு உறுதி என்றால் முப்பத்தைந்தைத் தாண்டிவிடும். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் அம்மாவை வரச் சொல்லி, பிள்ளையையும் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறையில் பேசினோம். பட்டியல் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, ஜூனில் தனியாக எழுதட்டும் என்றார் தலைமையாசிரியர். “நீங்கதானம்மா டி.சி. கேட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க” என்று ஃபைலைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

அம்மா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. “டீச்சர் அன்னைக்கே சரியாத்தான் எழுதித் தந்தாக சார். நாங்கதான் ஒரு மாசம்னு சொல்லிட்டு பத்து நாளு கூட இருந்துட்டோம். எங்க தப்புதான்” என்றார்.

அந்தப் பிள்ளை தாளைப் பார்த்தது. குனிந்து கடைசி வரிவரை படித்தது. என் கையெழுத்து அதற்குத் தெரியாததா? நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தது. நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். தப்பு உங்களுடையது இல்லையம்மா என்று மூன்று வார்த்தை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “வாம்மா, போவோம்” என்று அது அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. நூறு சதவீதம். பாராட்டு விழாவில் எனக்கும் சால்வை போர்த்தினார்கள். மறுநாள் தனித்தேர்வு விண்ணப்பத்தை நானே நிரப்பி எடுத்துக்கொண்டு, அவர்கள் மறுபடி மூட்டத்துக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டு, திருச்சுழி வழியாக நரிக்குடி பஸ்ஸில் போனேன். விசாரித்து விசாரித்து, சீமைக்கருவேலங் காட்டுக்குள் அவர்கள் குடிசையைக் கண்டுபிடித்தேன். மாசியிலேயே போயிருக்கலாம். சால்வை வாங்கிய பிறகுதான் கால் நகர்ந்தது.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். செம்பில் தண்ணீர் தந்தார். “டீச்சர் இம்புட்டுத் தூரம் வந்திருக்காக” என்று அக்கம்பக்கத்தில் மூட்டம் போடுகிறவர்களிடம் சொன்னார். மகள் இன்னும் அவரிடம் எதையும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

விண்ணப்பத்தையும் பேனாவையும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். “எல்லாம் நிரப்பிட்டேன்மா. கையெழுத்து மட்டும் போடு” என்றேன்.

அது பேனாவைத் தரையில் வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தது. கட்டம் கட்டமாக விரலை வைத்துப் படித்தது. பக்கத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்தையும் விடவில்லை.

“ஏண்டி, டீச்சர் குடுத்தா போட வேண்டியதுதான? அவுகளயே நிக்க வச்சுட்டு என்னத்தப் படிக்கிற?” என்று அம்மா அதட்டினார்.

“இரும்மா. நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்” என்றது அந்தப் பிள்ளை, தலையை நிமிர்த்தாமல்.

“தப்பா நெனச்சுக்கிறாதீக டீச்சர்” என்றார் அம்மா.

அது படித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.