விமான நிலையத்துக்கு வர வேண்டாம்

அமெரிக்காவில் ஒன்றை 'வேண்டாம்' என்று சொன்னால் உண்மையிலேயே தரமாட்டார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் அதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் போதும் போதும் என்று இலையின் மேல் கையை விரித்து மறைத்தால், விரல் இடுக்கு வழியாகப் பாயசத்தை ஊற்றிவிட்டுப் போவார்கள். முதல் 'வேண்டாமுங்க' வெறும் மரியாதை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதையும் யாரும் நம்பமாட்டார்கள். இப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்டில் இறக்கினால் என்ன ஆகும்? வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், ஒரு சாயங்காலம் மௌரி அவென்யூ பஸ் நிறுத்தத்தில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸ்காரி ஒருத்தி காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டாள். இன்னொரு முறை கேட்பாள் என்ற தைரியத்தில், "நோ நோ, இட்ஸ் ஓகே" என்றேன். "ஓகே!" என்று சிரித்துக் கையசைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே என் கணவர் சேகரிடம் அவளைத் திட்டித் தீர்த்தேன். "நீதானே வேண்டாம்னு சொன்னே? அவ மேல என்ன தப்பு?" என்றார். அன்றைக்கு அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

போகப் போக நானும் கற்றுக்கொண்டேன். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். இதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. விமான நிலைய விஷயத்தில்தான் இந்த மாற்றம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் முதன்முதலில் அமெரிக்கா கிளம்பியபோது என்னை வழியனுப்ப கோபியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் எங்கே போகிறேன் என்றே சரியாகத் தெரியாது. ஃப்ரீமான்டுக்கு வந்த புதிதில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வந்தாலும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு சான்ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டுக்கு ஓடுவோம். பிறகு எல்லாருக்கும் வேலை, குழந்தை, டிராஃபிக். "ஷட்டில் வேன் எடுத்துக்கறேன்" என்ற ஒரு வாக்கியத்தில் அந்த வழக்கம் அடங்கிப்போயிற்று. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் என் கம்பெனி என்னை ஷாங்காய்க்கு அனுப்பியது. பக்கத்து கியூபிக்கிளில் இருந்த லின் ஷாங்காய்க்காரி. எனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வர விசா கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்திலேயே அவள் பல வருடமாகப் போகவில்லை. கல்யாணம், குழந்தை எல்லாம் இங்கேயே ஆயிற்று. பேத்தியை அவள் அப்பா போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். நான் போகிறேன் என்றதும் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவுக்குத் தெம்புக்கு அமெரிக்க ஜின்செங் வேர், விட்டமின் மாத்திரை, குழந்தைக்குச் சின்னதாகிப்போன ஒரு ஸ்வெட்டர்.

"அப்பாவும் அண்ணாவும் ஏர்போர்ட்டுக்கு வந்துடுவாங்க" என்றாள்.

"ஐயோ வேண்டாம் லின். நான் டாக்ஸி எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே போய்ப் பையைக் கொடுத்துடறேன்."

"அவங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

"நிஜமாவே வேண்டாம்."

"ரொம்ப ஆசைப்படறாங்க, வசந்தி."

"வேண்டாம்னா வேண்டாம்ப்பா."

லின் சிரித்துக்கொண்டாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஹோட்டல் விலாசத்தை மட்டும் அவளிடம் சீன எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

டோக்கியோவில் விமானம் மாறி, மத்தியானம் ஷாங்காயில் இறங்கினேன். வெளியே வரும் கதவுக்கு எதிரே பெரிய கூட்டம், தலைக்கு மேலே பலகைகள். எனக்கு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தபிறகு பலகைகளை எதற்குப் படிக்க வேண்டும்? தலையைக் குனிந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக டாக்ஸி வரிசைக்குப் போனேன். அட்டையைக் காட்டியதும் டிரைவர் தலையாட்டினார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. ஏதோ கேட்டார், நான் "யெஸ்" என்றேன். அது யெஸ் சொல்லக்கூடிய கேள்விதானா என்று இன்றுவரை தெரியாது. மேம்பாலச் சாலையில் ஏறினோம். எங்கு பார்த்தாலும் கிரேன்கள், பாதி எழும்பிய கட்டடங்கள், கீழே சைக்கிள் கூட்டம். கண்ணில் பட்டது, மனதில் ஒன்றும் நிற்கவில்லை. யார் தயவும் இல்லாமல் தெரியாத ஊரில் ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டல் வரை வந்துவிட்டேன் என்ற பெருமை மட்டும் நெஞ்சு நிறைய இருந்தது. குளித்துவிட்டு, ஊறுகாய் பாட்டிலைத் திறந்தபோது ஃபோன் அடித்தது.

"எங்க இருக்கே?" லின்னின் குரல். கலிஃபோர்னியாவில் அப்போது நடுராத்திரி.

"ஹோட்டல்லதான். ஏன்?"

"அப்பா இன்னும் ஏர்போர்ட்ல நிக்கறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான்தான் வேண்டாம்னு சொன்னேனே லின்!"

"ஆமா, சொன்னே. சொல்லத்தானே செய்வே, மரியாதை தெரிஞ்சவளாச்சே. மூணு தடவை வேண்டாம்னு சொன்னாள்னு அப்பாகிட்ட சொன்னேன். 'நல்ல வளர்ப்பு'ன்னு ரொம்ப சந்தோஷப்பட்டார்."

அண்ணன் பொது ஃபோனிலிருந்து கூப்பிட்டாராம். உள்ளே எங்கோ அதிகாரிகள் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நான் வெளியே வரும்போது தெரிந்த முகம் ஒன்று இருக்க வேண்டும், அதனால் நகரமாட்டேன் என்று அப்பா பிடிவாதமாக நிற்கிறாராம். திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. "போன வாரம் பூரா ஒரே கேள்விதான். நீ என்கூட உக்காந்து சாப்பிடறவளான்னு கேட்டார். ஆமான்னேன்" என்று லின் சொன்னாள். அவர் என்னை வரவேற்க நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்றுவரை தன் மகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒருத்தியைப் பார்க்க நிற்கிறார். அந்த மனிதரைத்தான் நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டி வந்திருக்கிறேன்.

ஈரத்தலையோடு துணிப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு கீழே ஓடி, டாக்ஸியில் ஏறி, விமானப் படம் போட்ட போர்டிங் பாஸ் துண்டைக் காட்டினேன். வந்த வழியே திரும்பிப் போனேன். அவர் மனம் சலித்துக் கிளம்பிப் போயிருக்கக் கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். சாதாரணமாக எனக்கு வேண்டுதல் பழக்கமெல்லாம் கிடையாது.

கூட்டம் குறைந்திருந்தது. நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், என் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய பலகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்து நின்றார். நான் வந்ததோ அவருக்குப் பின்னாலிருந்து. பக்கத்தில் நின்ற அண்ணன் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் ஈரத்தலையை, பெட்டி இல்லாத கையை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். பெரியவர் திரும்பி, என்னைப் பார்த்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை என்னவென்று எழுத? அசடு வழிய நின்றேன்.

பிறகு அவர் என் பின்னால் எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அண்ணனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். "அமெரிக்காவிலேருந்து இந்தப் பை ஒண்ணுதான் கொண்டுவந்தீங்களான்னு அப்பா கேக்கறார்."

"ஆமா" என்றேன். "இதுக்காகத்தான் வந்தேன்."

அது முழுப் பொய்யும் இல்லை. இரண்டாவது தடவை அதற்காகத்தானே வந்தேன்? பெரியவர் பையை வாங்கி வெளியிலிருந்தே தடவிப் பார்த்தார். திறக்கவில்லை. அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "வேற கதவு வழியா வந்துட்டீங்கன்னு சொன்னேன்" என்றார்.

அண்ணன் ஆபீஸிலிருந்து இரவல் வாங்கி வந்த வேன் ரொட்டி மாதிரி நீளமாக, சதுரமாக இருந்தது. அந்த ஊரில் அதற்குப் பெயரே ரொட்டி வண்டியாம். உள்ளே அண்ணனின் மனைவியும், அவள் மடி நிறைய ஆரஞ்சும். எனக்காக இத்தனை நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவள் ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லாமல் நகர்ந்து இடம் கொடுத்தாள். பெரியவர் ஒரு பழத்தை உரித்து நீட்டினார். "வேண்டாங்க" என்று வாயில் வந்துவிட்டது, அதுவும் தமிழில். அவர் காதிலேயே வாங்கவில்லை. உள்ளங்கையை விரித்து, சுளையை வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடடா, இது நம் ஊர்ப் பந்தி அல்லவா என்று தோன்றியது. அன்றைக்கு எத்தனை சுளை தின்றேனோ!

அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் மறுபடி அதே மேம்பாலச் சாலை, அதே கிரேன்கள். ஆனால் இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. இந்தத் தூண் நிற்கும் இடத்தில்தான் லின் படித்த பள்ளிக்கூடம். இந்தத் திருப்பத்தில்தான் அவள் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தது. நடுநடுவே பெரியவர் கேட்டுக்கொண்டே வந்தார். இளைத்துவிட்டாளா? யார் சமைக்கிறார்கள்? பேத்தி சத்தம் போட்டுச் சிரிப்பாளா, மெதுவாகச் சிரிப்பாளா? சத்தமாகத்தான், ஆபீஸ் பிக்னிக்கில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்றேன். அண்ணன் அதைச் சொன்னதும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் நாளில் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று பேரும் வந்தார்கள். கிளம்புமுன் சேகரை ஃபோனில் கூப்பிட்டேன்.

"நான் ஏர்போர்ட்டுக்கு வரட்டுமா?" என்றார்.

"வேண்டாமுங்க. உங்களுக்கு மீட்டிங் இருக்கும். நான் ஷட்டில்ல வந்துக்கறேன்."

"ஷ்யூரா?"

"ஷ்யூர்."

"சரி, சாதம் வெச்சுடறேன்" என்று ஃபோனை வைத்துவிட்டார். அந்த வேண்டாமை எந்த ஊர் வழக்கப்படி சொன்னேன் என்று விமானத்தில் வெகுநேரம் யோசித்தேன். எனக்கே பிடிபடவில்லை.

சான்ஃபிரான்சிஸ்கோவில் வெளியே வந்து, பழக்கப்படி ஷட்டில் பலகையைத் தேடினேன். கம்பித் தடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு லின் நின்றிருந்தாள். "சேகர்கிட்ட கேட்டேன். யாரும் வர வேண்டாம்னு சொன்னியாம். அதனாலதான் வந்தேன்" என்றாள்.

காரில் ஏறி ஃப்ரீவேயைப் பிடித்ததும், "முதல்லேருந்து சொல்லு. ஏர்போர்ட் வாசல்ல வண்டி கிளம்பிச்சு. அப்புறம்?" என்றாள். சொன்னேன். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது தூண் என்றதும், "பக்கத்துல ஒரு நூடுல்ஸ் கடை இருக்கணுமே" என்றாள். இல்லை என்றேன். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினாள். அப்பா ஆரஞ்சு உரித்தது, என் விரலை மடக்கியது எல்லாம் இரண்டிரண்டு தடவை சொல்ல வைத்தாள். பிறகு கேட்டாள், "உங்க ஊர்ல? ஏர்போர்ட்டிலேருந்து உங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

அமெரிக்காவில் என்னை யாரும் கேட்டிராத கேள்வி. கோயமுத்தூரில் இறங்கினால் வாசலிலேயே அவிநாசி ரோடு என்று ஆரம்பித்தேன். அவிநாசியில் டீ குடிக்காமல் என் தம்பி வண்டியை எடுக்கமாட்டான். அங்கே திரும்பினால் இரண்டு பக்கமும் புளியமரம், அப்புறம் குன்னத்தூர். குன்னத்தூர் வந்தபோது, ஃப்ரீமான்டுக்குப் போகும் பாலத்துக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட் எங்களைக் கடந்து பின்னால் போனது. இரண்டு பேருமே பார்த்தோம். யாரும் அதைச் சொல்லவில்லை.

"அப்புறம்?" என்றாள் லின்.