லோர்கன் என்ற பெயரோடு விழுப்புரம் வரை

கைக்குழந்தையோடு திண்டிவனம், விழுப்புரம் பக்கம் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். இந்தப் பதிவு உங்களுக்கு உதவும். ஆனால் இது ஊர் சுற்றிப் பார்த்த கதை இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகனுக்குப் பெயர் வைக்கப் போனோம். எங்கள் வழக்கப்படி தூளியில் போட்ட குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. அதாவது நான். நான் சொல்ல வேண்டியது ஓர் ஐரிஷ் பெயர், அது என் அப்பாவுக்குத் தெரியாது.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறினேன். திண்டிவனம் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். ஞாயிறு காலையில் தெற்கே போகிற வண்டிகளில் கூட்டம் இருக்காது, ஜன்னல் சீட்டே கிடைக்கும். எட்டரைக்கெல்லாம் திண்டிவனத்தில் இறங்கிவிட்டேன்.

அங்கேதான் நிர்மலாவின் தாய்வீடு. நிர்மலா என் தம்பி கதிரின் மனைவி, அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கதிருக்கு அங்கே லீவு கிடைக்கவில்லை. ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் மட்டும் வந்திருந்தாள். நான் போனபோது பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மட்டும் சொட்டு ரத்தம் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. அதுவும் ஆண்தான். பிறந்த அன்றே அப்பா வீடியோ காலில் தன் அப்பாவின் பெயரை வைத்தார். "முருகேசா, முருகேசா" என்று போனுக்குள்ளே கத்திக் கத்திக் கூப்பிட்டார். இதயத்தில் கோளாறோடு பிறந்த பிள்ளை அது, ஒரு வாரம் கூடத் தங்கவில்லை. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் இவன் பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரை யாராவது சொன்னாலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள்.

அங்கிருந்து விழுப்புரம் தாண்டி அப்பாவின் ஊருக்குக் கார் வாடகை போக வர இரண்டாயிரத்து இருநூறு, டோல் தனி. குழந்தை இருந்தால் காரே நல்லது, பஸ்ஸில் பால் கொடுக்க முடியாது. டிரைவர் பாபு, வானூர்க்காரர். "ஏசி போடவா மேடம், இல்ல பாப்பாவுக்கு சளி புடிச்சிக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். நெடுஞ்சாலை ஏறியதும் நிர்மலாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஐரிஷ் பேருதான் வேணும்னா ஷான், பேட்ரிக்னு வாயில நுழையற மாதிரி ஒண்ணு இல்லியா? அது இன்னாம்மா லோர்கன்?"

"அதெல்லாம் பாத்துட்டேன் அண்ணி. கூட வேல செய்யறவங்க ஆளுக்கொரு பேரு சொன்னாங்க. ஷான்னு ஒருத்தரு எங்க வார்டுலதான் போனாரு. பேட்ரிக் மூணு பேரு. லியாம், சின்னப் பையன், பைக்ல அடிபட்டு வந்தான். எல்லாரையும் நான்தான் துடைச்சி, துணி போத்தி அனுப்பினேன்." குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள். "லோர்கன்னு அங்கேயே ரொம்பப் பேரு இல்ல. நான் வேல பாத்த இத்தன வருஷத்துல அந்தப் பேருல ஒருத்தர் கூட எங்க வார்டுல சாகல."

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் அர்த்தம் பார்ப்பார்கள், ராசி பார்ப்பார்கள். இவள் மார்ச்சுவரியைப் பார்த்துத் தேடியிருக்கிறாள்.

எங்கள் திட்டம் இதுதான். அப்பாவிடம் முன்கூட்டியே சொன்னால் குதிப்பார். காதில் சொல்வது அத்தை உரிமை. அங்கே போய்ச் சட்டென்று சொல்லிவிட்டால், சபையில் சொன்ன பெயரை அவரால் மாற்ற முடியாது. இது கதிர் போட்ட திட்டம். அயர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு நன்றாகத்தான் போடுவான்.

விக்கிரவாண்டி டோல் தாண்டியதும் ஓரங்கட்டி டீ குடித்தோம், குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவித்த மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, சூடாக விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பொட்டலம் வாங்கியும் எங்கள் இருவருக்கும் இறங்கவில்லை, பாபுதான் சாப்பிட்டார். விழுப்புரத்தில் பூமாலை வாங்கப் பத்து நிமிஷம். முகூர்த்த நாள் என்பதால் யானை விலை. நீங்கள் போவதாக இருந்தால் திண்டிவனத்திலேயே வாங்கிவிடுங்கள்.

அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர் ரோட்டில் எங்கள் கிராமம். இரண்டு பக்கமும் கரும்பு. ஊர் எல்லை வளைவில் கார் திரும்பியது. நிர்மலா "ஐயோ" என்றாள்.

பிளெக்ஸ். பத்தடி உயரம். நான் வாட்ஸப்பில் அனுப்பிய குழந்தையின் போட்டோ, பக்கத்தில் காலமான என் தாத்தா. கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் குலவிளக்கு மு–ரு–கே–ச–ன் பெயர் சூட்டு விழாவுக்கு வருகை தரும் அனைவரையும்...'

"வண்டியத் திருப்புங்க," என்றாள்.

"இன்னாம்மா, ஊடு வந்துட்ச்சே?" என்றார் பாபு.

"திருப்புங்கன்றேன்!"

குழந்தை வீறிட்டது. பின்னால் வந்த டிராக்டர் ஹாரன் அடித்தது. அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அப்பாவே வேகமாக வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு. நான் இறங்கிப் போய் மறித்தேன்.

"ஏம்மா, ஜல்தி வாங்க. நல்ல நேரம் போவுது. ஏன் இங்கியே நின்னுக்கினு கீறீங்க?"

"அந்தப் பேரு வேணாம்ப்பா. அவ வேற பேரு வெச்சிருக்கா."

"வேற பேரா? ஊரே பாத்துட்ச்சி! எங்கப்பன் பேரு. ஒரு வாட்டி வெச்சி நிக்கல. இப்பவும் உட்டுட்டா அந்த மனுசன் பேரு அப்டியே பூடும். இது ஒனக்குப் புரியலியா?"

எனக்கு வந்ததே கோபம். டிராக்டர்காரர் நிற்பதையும் பார்க்கவில்லை.

"உன் பேரு இன்னாப்பா?"

"இன்னா கேக்கற நீ?"

"குப்புசாமி. உனக்கு ஏன் அந்தப் பேரு வெச்சாங்க? உனக்கு முன்னாடி ரெண்டு புள்ளைங்க செத்துச்சி. உன்னக் குப்பையில போட்டுப் பொரட்டி எடுத்து, குப்பன்னு பேரு வெச்சாங்க. எமன் வந்தாலும் குப்பைன்னு தொடாமப் போவட்டும்னு. அன்னிக்கு உங்கப்பன் அவரோட அப்பன் பேரை உனக்கு வெச்சாரா? புள்ள பொழைச்சா போதும்னு தானே உட்டாரு? உனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?"

அப்பா பிளெக்ஸை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னை விலக்கிவிட்டுக் கார் ஜன்னலுக்குப் போனார். போச்சு, அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

குனிந்து நிர்மலாவிடம் கேட்டார். "நா வெச்ச பேராலதான் மொதப் புள்ள போச்சின்னு நெனைக்கிறியாம்மா?"

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். மருமகள்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"தெரியல மாமா. இல்லன்னு எனக்கே தெரியும். ஆனா பயமா இருக்கு."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நீ இன்னா பேரு வெச்சிக்கினு வந்த?"

"லோர்கன்."

"அந்தப் பேருல யாரும் சாவலியே?"

"நான் பாத்து யாரும் இல்ல மாமா."

"அப்ப அதையே வையி." திரும்பி, பின்னாலேயே ஓடி வந்திருந்த பந்தல்காரர்களைப் பார்த்து, "டேய், அந்த பிளெக்ஸ அவுத்துப் போடுங்கடா!" என்று கத்தினார்.

பதினொன்றரைக்குத் தூளியில் போட்டோம். மூன்று முறை சொன்னேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு மாலை சென்னை திரும்பும் பக்கம் டோலில் வண்டிகள் தேங்கி நிற்கும், மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள். குழந்தைக்குப் பால், வெந்நீர் எல்லாம் திண்டிவனத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் விஷயத்தை மட்டும் வாசலில் வைத்துப் பேசாதீர்கள், என் தம்பி மாதிரி திட்டமும் போடாதீர்கள். ஒரு வாரம் முன்பே போய் உட்கார்ந்து, அழுது, சண்டை போட்டு முடித்துவிடுங்கள்.

நிர்மலா இன்னும் பத்து நாள் எங்கள் கிராமத்தில்தான் இருக்கிறாள். நேற்று போன் செய்தேன். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் யாராவது "பேரு இன்னாங்க?" என்று வாயைத் திறந்தால், அப்பா முந்திக்கொண்டு, எமன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தணித்துச் சொல்கிறாராம்:

"இன்னும் வெக்கலைங்க."