தங்கையின் தலையும் தறித்துணியும்

நான் ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். அந்த வருடம் பிடித்தது கூந்தல் தைலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்ட என் தங்கைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து போனதும் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் வேலை பார்ப்பவள், காலேஜ் பஸ்ஸில் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு போனாள். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

நான் படித்தது தாவரவியல். கூமாப்பட்டி வரப்பில் பறித்த கரிசலாங்கண்ணியோடு கறிவேப்பிலையும் நெல்லிக்காயும் அரைத்து, ராஜபாளையத்தில் என் வீட்டு அடுப்பில் தேங்காய் எண்ணெயில் காய்ச்சினேன். சடசடப்பு அடங்கி மணம் எழுந்தபோது அடுப்படியில் தனியாக நின்று கைதட்டினேன். வடிகட்ட எங்கள் வீட்டில் துணிக்கா பஞ்சம்? வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி நெய்யும் தறி வைத்திருக்கிறார். தறியிலிருந்து வந்த துணியில் ஒரு முழம் கிழித்து, வடிகட்டித் தங்கைக்குக் கொடுத்தனுப்பினேன்.

கொஞ்ச நாளில் தங்கை போன் செய்தாள். “அக்கா, தலை பூரா வெள்ளை வெள்ளையா உதிருது. இருக்கிற முடிக்கும் பொடுகு வந்துருச்சு. போதும், நான் மொட்டை போட்டுக்கிடுதேன்.”

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டதே என்று வழியெல்லாம் பொருமல். அவள் சீப்பில் இருந்த வெள்ளையை விரலில் தேய்த்தேன். நைசாக, மாவு மாதிரி இருந்தது. பொடுகு இப்படி இருக்காதே. வெந்நீரில் கரைத்து, காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது. மாவுச்சத்து இருந்தால்தான் அப்படி மாறும். எனக்குக் குதிக்காத குறைதான்.

“ஏட்டி, இது பொடுகு இல்ல. கஞ்சி.”

தறியில் அறாமல் இருக்க, நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். துணியை அலசி வெளுத்தால்தான் அது போகும். தறிக்காரர் வீட்டில் இருந்துகொண்டு, ஓசித் துணி என்றதும் அதை மறந்திருக்கிறேன். எப்படியோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

“என் தலையை வேட்டின்னு நெனச்சியா, கஞ்சி போட?” என்றாள். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

மறுபடி காய்ச்சி, துவைத்த பழைய சேலையில் வடிகட்டிக் கொடுத்தேன். எனக்காகத்தான் தேய்த்தாள். சில மாதம் கழித்து ஜன்னல் பக்கம் உட்கார வைத்து வகிடெடுத்தேன். நெற்றியோரம் நாற்றங்கால் மாதிரிக் குட்டை முடிகள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

மனசு துள்ளினாலும் படித்த வாய் சும்மா இருக்காது. “காய்ச்சல்ல கொட்டுனது தானாவும் முளைக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல. எண்ணெயோட வேலை எம்புட்டுன்னு இன்னும் நாலு பேருக்குக் குடுத்துப் பாத்தாத்தான்...”

“அக்கா, செத்த நேரம் பேசாம இரு,” என்றாள், கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமல். “இன்னைக்கு ஒரு நாளாவது என்னைய சந்தோஷமா இருக்க விடு.”

நான் அவள் தோளுக்கு மேலே தலையை நீட்டி அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.