பெரம்பூர் தையல்காரி

துறைமுகத்தின் கேட் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் பாஸ் பார்த்தவள் நான். லாரி டிரைவரோ, கிளீனரோ, கப்பலுக்குக் காய்கறி ஏற்றுகிறவனோ, யாராக இருந்தாலும் முதலில் அட்டையில் உள்ள போட்டோ, அப்புறம் முகம், அப்புறம் மறுபடியும் போட்டோ. சிரித்துக்கொண்டே வருகிறவனை இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்கவைப்பேன். ரிட்டயர் ஆனபோது மாலை போட்டு அனுப்பினார்கள். அந்தப் புத்தியை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

திருவொற்றியூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு போர்ஷன் இருக்கிறது. வாடகைக்கு வருகிறவர்களிடம் கேட்டில் கேட்ட கேள்விகளையேதான் கேட்பேன். "பேரு இன்னா, சொந்த ஊரு எது, இன்னா வேலை, எத்தினி மணிக்குப் போய் எத்தினி மணிக்கு வருவே, கூட யார் யாரு?" கடைசியில் கறாராக ஒன்று சொல்வேன். "கொழந்தகுட்டி கீதுன்னா வூடு கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்." முன்னால் குடியிருந்தவர்களின் பிள்ளைகள் மோட்டார் சுவிட்சைப் போட்டுப் போட்டு விளையாடி, தொட்டித் தண்ணீரையெல்லாம் தெருவில் ஓடவிட்டிருந்தார்கள். சித்திரை மாதத்தில் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நின்றவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

அந்தப் பெண் வந்தபோதும் இதையெல்லாம் கேட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கும். இலங்கையிலிருந்து கைக்குழந்தையாகப் படகில் கொண்டுவரப்பட்டு, அகதி முகாம்களிலேயே வளர்ந்தவள். அக்கா புழல் பக்கம் முகாமில் இருக்கிறாள். இவளுக்கு எண்ணூர் போகும் வழியில் இறால் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை. விடியற்காலை ஷிப்டுக்குப் புழலிலிருந்து பஸ் கிடைக்காததால் இங்கே வீடு தேடினாள். கணவன் வெளிநாட்டில், பனி கொட்டும் ஊரில் இருக்கிறானாம். எப்படிப் போனான் என்று கேட்டேன். "போயிட்டார் அன்ரி" என்றாள். ஆன்ட்டி என்பது அவள் வாயில் அப்படித்தான் வரும். அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை. துறைமுகக் கேட்டாக இருந்திருந்தால் ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பேன். குழந்தை இல்லை என்றாள், அகதி அட்டை நகல் கொடுத்தாள். போலீஸ் ஸ்டேஷனில் வாடகைக்காரர் ஃபாரம் கொடுத்துவிட்டுத்தான் சாவியை நீட்டினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். கணவன் அவளை அங்கே கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் போட்டிருக்கிறான். அதற்கு அந்த நாட்டு அலுவலகத்தில் நேரில் பதில் சொல்ல வேண்டும், இங்கிலீஷிலேயே சொன்னால் நல்லது. அகதிகளுக்கென்று போனிலேயே இலவசமாக இங்கிலீஷ் சொல்லித்தருகிற வகுப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. வாரம் மூன்று நாள், மத்தியானம் மூன்று மணிக்கு. பின்கட்டில் சிக்னல் வருவதில்லை. என் மகள் வீடியோவில் பேசுவதற்காகப் போட்டுக்கொடுத்த வைஃபை என் ஹாலில் இருக்கிறது.

"ஓசிலயா? இன்னாத்துக்கு ஓசில சொல்லிக்குடுக்குறான்? வேற வேல இல்லியா அவனுக்கு?"

"அவை அப்பிடித்தான் அன்ரி, அகதியளுக்கு உதவி செய்யினம்."

சாதாரணமாக அவள் நம்மைப் போலவே பேசுவாள். பயந்தால் மட்டும் அவளுடைய ஊர்த்தமிழ் வெளியே வந்துவிடும். அன்றைக்கு வந்தது. எனக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கும் என் தம்பியிடம் கேட்டேன். அவன் வலையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஓசின்னா எதுனா வெச்சிகினுதான் குடுப்பான்கா. வெளிநாடு போலாம்னு எத்தினி பேர் தலைல மொளகா அரைச்சானுங்க, பாத்தியா இல்லியா? உஷாரா இரு. நாளைக்கி ஒன் வூட்டு நம்பர்தான் போலீஸ்ல நிக்கும்."

ஆகவே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். வகுப்பு என் ஹாலில்தான், நான் பக்கத்தில்தான். அவள் தலையாட்டினாள். வேறு வழி என்ன இருந்தது அவளுக்கு?

முதல் நாள் திரையில் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள். வாய் காதுவரைக்கும் சிரிப்பு. எனக்கு அங்கேயே மூக்கு வியர்த்தது. கூடவே சின்னச் சின்னக் கட்டங்களில் பத்துப் பன்னிரண்டு முகங்கள், எந்தெந்த நாட்டு ஆட்களோ. வராதவர்கள் பார்ப்பதற்காக வகுப்பு பதிவாகிறது என்று சொன்னாள். பதிவாகிறதா! போனில் என் முகம் விழாதபடி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். பிறகு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தாள். உன் பெயர் என்ன, எந்த ஊரில் இருக்கிறாய், என்ன வேலை, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவாய், வீட்டில் யார் யார்.

இது பாடமா? என் கேட்டில் நான் கேட்டது, ஸ்டேஷனில் அவளிடம் கேட்டது, முகாமில் கணக்கெடுக்க வருகிறவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டது, எல்லாம் அப்படியே வரிசை மாறாமல் வருகிறதே! சட்டென்று போனில் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன்.

"தோ பாரு. நெஜத்த சொல்லாத. திருவொற்றியூர்னு சொல்லாத, பெரம்பூர்னு சொல்லு. வேல டைலர்னு சொல்லு. ஒம்பது மணிக்குப் போறேன்னு சொல்லு. இங்கிலீஷ்தான ஒனக்கு வேணும்? எத சொல்லிக் கத்துகினா இன்னா?"

எங்கள் பகுதியில் இது புதிதல்ல. யாராவது ஃபாரமும் பேனாவுமாகத் தெருவில் நுழைந்தால் வீட்டுக்கு வீடு ஆள் கணக்கு மாறும், தொழில் மாறும். குடிசையை எடுக்க வந்தவனும் கையில் பேனாவோடுதான் வந்தான், நிவாரணம் கொடுக்க வந்தவனும் அப்படித்தான் வந்தான். எவன் எதற்கு வருகிறான் என்று தெரியாதபோது உண்மையை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் வழக்கம். அவளுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முகாமில் வளர்ந்தவள்.

"ஐ லிவ் இன் பெரம்பூர். ஐ ஆம் எ டைலர்" என்றாள். வெள்ளைக்காரம்மா கைதட்டினாள்.

இன்னொரு நாள் குழந்தைகள் உண்டா என்று கேட்டாள். இவள் ஒரு கணம் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இது மட்டும் நிஜம்தானே, இதற்கு நான் என்ன சொல்லித்தர வேண்டும் என்று இருந்தேன். "நோ, ஐ ஹேவ் நோ சில்ரன்" என்றாள்.

ஏழெட்டு மாதம் இப்படி நடந்தது. நான் ஒரு நாள்கூட விடவில்லை. வெள்ளைக்காரம்மா எப்போது பணம் கேட்பாள், எப்போது பாங்க் நம்பர் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. அதற்குள் எங்கள் பெரம்பூர் தையல்காரி நன்றாக வளர்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு சிவப்பு மெஷின் இருந்தது. கல்யாண ரவிக்கை தைப்பாள், ரயில் சத்தத்தில் கண் விழிப்பாள். பாதி நான் கற்பனை செய்தது, பாதி அவள். வகுப்பு முடிந்ததும் டீ போட்டுக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரிப்போம். நிஜத்தைச் சொல்கிறேன், அந்த மத்தியானங்களை நான் விரும்பினேன். கேள்வியை முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லும் வேகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்குத் தேதி வந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வேண்டும் என்று எழுது என்றாள் வெள்ளைக்காரம்மா. நான்தான் குறுக்கே விழுந்தேன். "அவன் யாரோ எவனோ. நீ ஒன்னு சொல்லுவே, அவன் ஒன்ன போட்டுக்குடுப்பான். ஒனக்குத்தான் தண்ணி மாரி வருதே." அவள் வேண்டாம் என்று எழுதினாள்.

போன அன்று சாயங்காலம் திரும்பி வந்தவள் நடையிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அந்த ஒஃபிசர் நல்லவ அன்ரி. சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவ. எங்கட வகுப்பில கேக்கிற அதே கேள்வியள். அதே வரிசை. என்ட வாய் தன்பாட்டில சொல்லிப்போட்டுது. பெரம்பூர் எண்டன். டெய்லர் எண்டன். பிள்ளையள் இருக்கோ எண்டு கேட்டவ. இல்லை எண்டன்." இங்கே நிறுத்தினாள். "அவ கண்ணாடியைக் கழட்டினா. ஃபைலில இருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டி, அப்ப இது ஆர் எண்டு கேட்டா."

"யாரு அது?"

"என்ட மகள் அன்ரி. ஏழு வயசு. அக்காவோட முகாமில நிக்கிறா. அவர் எங்கள் ரெண்டு பேருக்கும்தான் விண்ணப்பம் போட்டவர்."

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்கக் கூடாது. என்னை ஏமாற்றிவிட்டாள் என்றுதான் தோன்றியது. போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பழகியவளைத் தாண்டி ஒருத்தி உள்ளே போய்விட்டாள் என்று ஆத்திரம் பொங்கியது. "எங்கிட்ட இன்னாத்துக்குப் பொய் சொன்னே?" என்று தெரு கேட்கக் கத்தினேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. "வீடு தேடி வந்த அண்டைக்கு நீங்கள் குழந்தை இருந்தா வீடு இல்லை எண்டிட்டியள். வகுப்பில அவ கேட்ட நேரமும் நீங்கள் பக்கத்தில இருந்தியள். நான் வேற என்னத்தைச் சொல்லுறது?" என்றாள். "மகள்தான் எண்டு பிறகு சொன்னன். அப்ப ஏன் இல்லை எண்டனீ எண்டு கேட்டா. அதை விளங்கப்படுத்த எனக்கு இங்கிலீஷ் காணாது அன்ரி. பொய்யெல்லாம் தெரியும். இது தெரியாது."

நான் உள்ளே போய் அடுப்படியில் நின்றேன். வெட்கமாக இருந்தது. இத்தனை மாதம் அந்த வெள்ளைக்காரம்மாவைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். அவளிடம் என்ன இருந்தது கவனிக்க? ஒரு தாயின் வாயில் பிள்ளை இல்லை என்ற வாக்கியத்தைத் தப்பில்லாமல் பழக்கிக் கொடுத்தவள் நான்தான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. பதில்கள் கோப்போடு ஒத்துப்போகவில்லை, குழந்தை அவளுடையதுதானா என்பதற்கு ஆதாரம் வேண்டும், விளக்கம் எழுதி அனுப்பலாம், அதுவரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. நடந்ததை நான் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வெள்ளைக்காரம்மாவிடம் உடைந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு வகுப்பு நேரம் முழுக்க உட்கார்ந்து, விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பதில் இன்னும் வரவில்லை. வைஃபை பெட்டியைப் பின்கட்டுப் பக்கமாக மாற்றிவைத்துவிட்டேன். வகுப்பு இப்போது பின்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. குழந்தையை இங்கேயே கூட்டிவந்து வைத்துக்கொள் என்று அவள் நடையில் வந்து உட்கார்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தேன். அவள் சரி என்றாள், ஆனால் கூட்டிவரவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் சரி என்றாள். நான் மனசாரச் சொல்கிறேனா, வேறு ஏதாவது திட்டம் வைத்திருக்கிறேனா என்று அவள் என் முகத்தில் தேடுவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தாள். இரட்டைப் பின்னல் போட்ட ஒல்லிப் பெண். கையில் ஒரு துணிப்பை. முகம் அச்சு அசல் அம்மா. எந்தப் போட்டோவும் தேவையில்லை. நான் குனிந்து, என்னால் முடிந்த மட்டும் சிரித்து, "வா கண்ணு. யாரு நீ, யார் வூட்டுப் பொண்ணு?" என்றேன்.

அது முதலில் தன் தாயைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்து, மனப்பாடம் செய்த குரலில், துளி தயக்கமில்லாமல் சொன்னது.

"இவ என்ட சித்தி. நான் சும்மா பாக்க வந்தனான், பின்னேரம் போயிடுவன்."

"அம்மா எண்டு சொல்லலாம் பிள்ளை. இனிச் சொல்லலாம்" என்றாள் அவள்.

குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. சொல்லவில்லை.