ஜெனுஷாவின் ஆத்தும சோதனை

வங்காலைப் பக்கத்து நண்டுக் கொம்பனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் பெண்கள் வாயை மூடுவதில்லை. ஜெனுஷா மட்டும் பேச்சின் நடுவே தனக்குள் போய்விடுவாள். ஒன்று கேட்டால் நாலு நண்டு உரித்த பிறகுதான் பதில் வரும். அதனால் அவளுக்கு அங்கே வைத்த பட்டம் 'ஆத்தும சோதனை'.

அது கோயிலில் படித்த சொல். குருவானவரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னர் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, என்ன பாவம் செய்தோம் என்று தன்னையே துருவிப் பார்ப்பது. மற்றப் பிள்ளைகள் சிலுவை போட்டு முடிக்குமுன் அதையும் முடித்துவிடுவார்கள். சின்ன ஜெனுஷாவை வாங்குப் பலகையிலிருந்து கிளப்ப ஆள் அனுப்ப வேண்டும்.

இப்போது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. நண்டு கொண்டுவரும் றொஷான் போன கிழமை நண்டு நிறுக்கும் தராசடியில் நேரே கேட்டுவிட்டான்.

"என்னைக் கலியாணம் முடிக்க உங்களுக்கு விருப்பமோ?"

அவள் வழக்கம்போலத் தனக்குள் போய்விட்டாள். அவன் சிரித்தான். "ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ. நண்டுதான் பழுதாகும். நான் பழுதாகமாட்டன்."

உள்ளே நண்டு உரிக்கும் மேசைக்குப் பொறுக்கவில்லை. "எடியே, ஓமெண்டு சொல்லன்!" என்றாள் அங்கே எல்லாருக்கும் மூத்தவளான அன்ரோனெற். "நீ சோதிச்சு முடிக்கிறதுக்குள்ள அவனுக்குப் பேரப்பிள்ளையே பிறந்திடும்."

ஜெனுஷா இரண்டு நண்டு உரித்தாள். "ஆரைக் கட்டி, அக்கா?"

மேசை குலுங்கச் சிரித்தார்கள்.

ஆனால் அவளுக்குப் பயம் இருந்தது. ஊர் நெருக்குகிறதே என்று ஓம் சொல்லிவிட்டு, பிறகு மனம் ஒட்டாவிட்டால்? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோயிலுக்குப் போனாள். பழகிய வழக்கப்படி குற்றத்தைத்தான் முதலில் தேடினாள். வயது போகிறதென்ற கலக்கமா? கொஞ்சம் இருந்தது; ஒத்துக்கொண்டாள். இன்னும் உள்ளே போனாள். அங்கே தராசடி வந்தது. மற்றவர்கள் அவள் மௌனத்துக்குள் கல்லெறிவார்கள். றொஷான் மட்டும் ஐஸ்பெட்டியில் சாய்ந்துகொண்டு, அவள் பேசும்வரை சந்தோஷமாக நிற்பான். அவன் வரும் நாட்களில் அவள் முகம் கழுவும்போதே பாட்டு வந்துவிடுகிறது.

ஆத்தும சோதனையில் இப்படியும் ஒன்று அகப்படும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. முழந்தாளில் நின்றபடியே சிரித்துவிட்டாள்.

மறுநாள் றொஷான் பெட்டியை இறக்கியதும், கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஓம்," என்றாள். "வடிவா உள்ளுக்குத் தேடிப் பாத்துத்தான் சொல்லுறன். எனக்கு விருப்பம்."

அவள் கையைப் பிடிக்க நீட்டியவன், தன் கையில் நண்டு நாற்றம் என்று பின்னிழுத்தான். போய்க் குழாயில் கையைக் கழுவினான். திரும்பவும் கழுவினான்.

"தம்பி, அது பொம்பிளையள் கழுவுற இடம்!" என்று அன்ரோனெற் யன்னலால் கத்தினாள்.

"கழுவட்டும், விடுங்கோ அக்கா," என்றாள் ஜெனுஷா.