கஸ்தூரி கடைசியாகச் செய்த சோதனை

செய்தி வந்தபோது முதலாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "கஸ்தூரி போய்ட்டா மேடம்" என்றார் போனில் அவர் கணவர் சேகர். கல்லீரல் புற்றுநோய், எதிர்பார்த்ததுதான். இருந்தும் எனக்குக் கை ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் குடியாத்தத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

வேலூரில் எங்கள் கல்லூரியில் கஸ்தூரி வேதியியல், நான் இயற்பியல். நாங்கள் சேர்ந்து செய்த ஆய்வு இதுதான். கண்ணுக்கே தெரியாத இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை அவர் தயாரிப்பார். நான் அவற்றைக் கம்பிச்சுருளுக்குள் வைத்துக் காந்தப்புலத்தால் சூடேற்றுவேன். என்றாவது ஒருநாள் அந்தத் துகள்களைப் புற்றுக்கட்டிக்குள் செலுத்தி, கட்டியை மட்டும் சூட்டால் அழிக்கலாம் என்பது எங்கள் நம்பிக்கை.

முதல் தடவை கஸ்தூரி, உள்ளே காந்தத்துண்டு சுழலும் வழக்கமான காந்தக் கலக்கியிலேயே கலக்கிவிட்டார். செய்த துகளெல்லாம் கலக்கும் காந்தத்தில் அப்பிக்கொண்டது. குடுவையில் மிஞ்சியது வெறும் தண்ணீர். நானாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் கழுவி ஊற்றியிருப்பேன். அவரோ துறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, "இன்னா புத்திசாலி பாருங்க நான்" என்று காட்டிச் சிரித்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் சேகர், அங்கே பசை கலக்கிய பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவரும் எங்கள் கூட்டாளி.

அதனால் கஸ்தூரிக்கு நோய் இருப்பது தெரிந்ததும் சேகர் நேரே ஆய்வகத்துக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

"உங்க மருந்து இருக்குல்ல, அத குடுத்துப் பாக்கலாமே?"

"அது மருந்து இல்லீங்க" என்றார் கஸ்தூரி. "குடுவைல சூடாவுது, அவ்ளோதான். உடம்புக்குள்ள போனா எங்க தங்கும், இன்னா பண்ணும்னு எங்களுக்கே தெரியாது."

"உனக்கே ஆவாதது ஊருக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சேகர் விருட்டென்று போய்விட்டார். எனக்கும் கஸ்தூரி மேல் கோபம்தான். உயிரே போகும்போது இதென்ன பிடிவாதம் என்று மனதுக்குள் திட்டினேன்.

சிகிச்சைக்கு நடுவே உடம்பு கொஞ்சம் தேறியிருந்தபோது கஸ்தூரி மறுபடி ஆய்வகம் வந்தார். தட்டில் வளர்த்த ஆரோக்கியமான கல்லீரல் செல்கள் மேல் எங்கள் துகள்களை விட்டார். சூடேற்றவில்லை. மறுநாள் சேகரைக் கூட்டிவந்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். துகள் படாத செல்கள் நன்றாக இருந்தன. பட்டவை சுருண்டு செத்துக் கிடந்தன.

"துகளோட மேல்பூச்சு சரியில்ல. மாத்தணும், ரொம்ப நாள் ஆவும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "குடுத்திருந்தா பொழச்சிருப்பாளோன்னு நாளைக்கு நீங்க ஒக்காந்து யோசிக்கக் கூடாது. அதுக்குத்தான் இட்டுனு வந்தேன்."

சேகர் வெகுநேரம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குடியாத்தத்தில் உடலை எடுப்பதற்கு முன் உறவினர் ஒருவர், "வூட்லயே மருந்து கண்டுபுடிச்சவங்க, குடுத்துப் பாத்திருக்கலாமேப்பா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சேகர் நிதானமாகப் பதில் சொன்னார். "பாத்தோம்ணே. சேரல."

கஸ்தூரியிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அந்த நிதானம்தான். அவரை நினைத்தால் அழுகை வருகிறது. கொடுத்திருக்கலாமோ என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.