தக்காளிக்கு ஒழுகாத வீடு

எங்கள் காம்பராக் கூரை மிக மோசமாக ஒழுகிய வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் தக்காளிக்கு ஒழுகாத வீடு கட்டினார்கள். இதில் இருந்த அநியாயம் எனக்குப் பத்து வயதிலேயே தெளிவாகப் புரிந்துவிட்டது. மற்ற எதுவும்தான் புரியவில்லை.

இறம்பொடைக்கு மேலே இருந்தது, அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த தேயிலைத் தோட்டம். காற்று திரும்பும்போது மட்டும் அருவிச் சத்தம் கேட்கும். வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. அதில் அப்பா, அம்மா, நான். கூரைத் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே என் பாய். பாயை வேறு இடத்தில் போட்டிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் லயத்துக் காம்பராவைப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் விறகு, ஒரு பக்கம் அம்மா முதுகில் மாட்டிக் கொழுந்து பறிக்கிற கூடை. மிச்ச இடத்தில் நானும் மழையும் சேர்ந்து படுத்துக்கொண்டோம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தார். பொலித்தீன் கூடாரம் போட்டு அதற்குள் மரக்கறி வளர்க்கிற முதலாளி. அங்கே பழைய பொலித்தீனைக் கழற்றிப் புதிசு மாட்டியபோது, மாமா பழசில் ஒரு சுருளைக் கேட்டு வாங்கி, பஸ் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அப்பா சுருளைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"அளவு சரியாத்தான் இருக்கு, மச்சான்."

"கூரைக்கு இல்ல மச்சான், தக்காளிக்கு" என்றார் மாமா.

லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு இருந்த கையகல நிலத்தில் மூங்கில் நட்டுக் கூடாரம் போட்டால் வருஷம் பூராவும் தக்காளி பறிக்கலாமாம். வெளியே வைத்தால் பனியும் மழையும் இலையைக் கருக்கிவிடுமாம். அப்பாவுக்கு இது விளங்கவில்லை. மனிதன் நனைய, தக்காளி நனையாமல் இருப்பதா என்று கேட்டார். என் வாழ்க்கையில் அப்பாவோடு நான் முழுமையாக ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம் அதுதான். ஆனால் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள், முகத்தைத் திருப்பாமல் "தக்காளிக்கே இருக்கட்டுங்க" என்றுவிட்டாள். அம்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் கேட்டபோது இல்லையென்று சொல்ல அப்பாவுக்குப் பழக்கமில்லாமல் போய்விட்டது.

ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு காய்ப்பு பார்ப்பது. ஒழுங்காகக் காய்க்காவிட்டால் கூடாரம் பிரியும், பொலித்தீன் கூரைக்கு ஏறும். மாமாவும் சம்மதித்தார். அந்த நிமிஷத்திலிருந்து தக்காளி காய்க்கக் கூடாது என்பது என் கட்சியாயிற்று.

அடுத்த பிரச்சினை, எந்தத் தக்காளி என்பது. மாமா இரண்டு ஜாதி விதை கொண்டுவந்திருந்தார். ஒன்று நெட்டை. கயிறு கட்டிவிட்டால் உயிர் இருக்கிற வரைக்கும் ஏறிக்கொண்டே போகும், ஏறுகிற வழியெல்லாம் காய்க்கும். மற்றது குட்டை. முழங்கால் உயரத்தில் புதராக நின்று, ஒரே மூச்சில் காய்த்து முடித்துவிட்டுப் படுத்துவிடும். உள்ளே எது, வெளியே எது?

எங்களூரில் இந்த மாதிரிக் கேள்விகளைத் தீர்க்கிற இடம் பீலி. மலைத்தண்ணீர் குழாயில் வந்து கொட்டுகிற அந்த இடத்தில் குடத்தோடு நின்ற எல்லோருக்கும் அன்றைக்குத் தக்காளியைப் பற்றித் தெரிந்திருந்தது. குட்டையைத்தான் உள்ளே வைக்கணும், நாலு வரிசை கூட நடலாம் என்றார் அப்பா. நெட்டை வெளியே இஷ்டத்துக்கு வளரட்டும், ஆகாயம் என்ன தலையிலா இடிக்கப்போகிறது? பக்கத்துக் காம்பரா அத்தை அதை ஆமோதித்தாள். மாமா தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். நெட்டை மாசக்கணக்கில் நிற்கிற ஜாதி. அத்தனை மாசமும் இலை நனையாமல் இருந்தால்தான் பிழைக்கும். கூரை அதற்குத்தான் வேண்டும். குட்டை பெரிய மழைக்கு முன்னாலேயே காய்த்துவிடும், வெளியே கிடக்கட்டும்.

"மழைக்கு முந்திக்கிட்டு ஓடுறவனுக்குக் கொடை எதுக்கு மச்சான்? நின்னு நனையிறவனுக்குல்ல வேணும்."

அப்பா அசைந்து கொடுக்கவில்லை. அப்போதும் அம்மாதான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "உள்ளுக்கு நெட்டையதே வைப்போம். குனியாம நின்னு பறிக்கலாம்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டுமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கூடாரம் எழுந்தது. உள்ளே நெட்டை இரண்டு வரிசை, ஒவ்வொரு செடிக்கும் மேலிருந்து ஒரு கயிறு. வெளியே குட்டை. காலையில் பக்கவாட்டுப் பொலித்தீனைச் சுருட்டிக் காற்று விடுவதும், சாயந்தரம் இறக்குவதும் என் வேலை. எதிர்க்கட்சிக்காரனிடமே சாவியைக் கொடுத்தார்கள்.

ஊருக்குப் போகுமுன் மாமா அம்மாவைக் கூட்டிப்போய் ஒரு பாடம் நடத்தினார். இலைக்கும் தண்டுக்கும் நடுவே, கக்கத்தில், ஒரு சின்னத் துளிர் வரும். அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். "கக்கத்துல வர்றத மட்டும் கிள்ளுக்கா. தலையில மட்டும் கை வச்சிடாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

செடிகள் எனக்கு வஞ்சகம் செய்தன. நன்றாக வளர்ந்தன. நான் தினமும் பீலியில் நின்று, இது காய்க்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று பிரசாரம் பண்ணினேன். பலன் இல்லாததால் மாரியம்மன் கோயிலுக்குப் போய், தக்காளி காய்க்காமல் போனால் ஒரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன். மனசுக்குள் வேண்டினால் அம்மனுக்குக் கேட்குமோ கேட்காதோ என்று சத்தமாகவே வேண்டினேன். அம்மனுக்குக் கேட்டதோ என்னவோ, பின்னால் நின்ற பக்கத்துக் காம்பரா அத்தைக்குக் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு விடாமல் மழை. ஒரு வெள்ளிக்கிழமை கொழுந்து மலையில் நிற்க முடியாமல் எல்லோரையும் நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை, அம்மா மலைக்குப் போன பிறகு, நான் பொலித்தீனைச் சுருட்டப் போனேன். ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு உள்ளே பார்த்தேன்.

நெட்டைச் செடி ஒன்றுக்கும் தலை இல்லை.

கடித்ததும் இல்லை, முறிந்ததும் இல்லை. நகத்தால் நறுக்கென்று கிள்ளியது. இரண்டு வரிசையும், ஒன்று விடாமல். கிள்ளிய துளிர்களெல்லாம் செடிகளிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, ஒரே வாக்கில் விழுந்து கிடந்தன.

நியாயமாக நான் குதித்திருக்க வேண்டும். என் வேண்டுதல் பலித்திருந்தது. பொலித்தீன் கூரைக்கு வரப்போகிறது. ஆனால் நான் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். காய்க்காது என்று ஊர் முழுக்கச் சொன்னது யார்? தேங்காய் நேர்ந்தது யார்? கூடாரத்தைத் திறந்து மூடுவது யார்? எந்தப் பக்கம் போய் யோசித்தாலும் வழி என் பாயில் வந்து முடிந்தது.

பயம் வந்தால் எனக்கு மூளை வேகமாக வேலை செய்யும், எதிர்த் திசையில். உடனே ஒரு துளிரை எடுத்து, எச்சில் தொட்டு, ஒரு செடியின் தலையில் ஒட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. இன்னொன்றை எடுத்து நூலால் கட்டிப் பார்க்கலாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, பொலித்தீனுக்கு அப்பால் பக்கத்துக் காம்பரா அத்தையின் முகம் தெரிந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த தக்காளித் தலையைப் பார்த்தாள்.

"அடப் பாவி. சாமிகிட்ட சொன்னது போதாதுன்னு நீயே எறங்கிட்டியா?"

ஓடினேன். தேயிலைக்குள் புகுந்து, குறுக்குப் பாதையில் விழுந்து எழும்பி, மெயின் ரோட்டு பஸ் ஹோல்ட்டில் போய் நின்றேன். நான் போட்ட திட்டம் என்னவென்றால், நுவரெலியாவுக்குப் போய் மாமாவிடம் அடைக்கலம் புகுவது. தக்காளிக்குச் சொந்தக்காரரிடமே போய் ஒளிந்துகொள்வது என்கிற அந்த யோசனையின் அழகை இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். கையில் காசு கிடையாது. சட்டைப்பையில் இருந்தது, தடயமாக, ஒரு தக்காளித் துளிர்.

நுவரெலியாவிலிருந்து பஸ் வந்தது. மாமா இறங்கினார். செடி பார்க்க வந்திருக்கிறார்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"நான் கிள்ளல மாமா" என்றேன்.

அவர் அதுவரை எதையும் கேட்டிருக்கவில்லை. என் சட்டைப்பையை ஒரு பார்வை பார்த்தார். காதைப் பிடித்தார். அப்படியே லயம் வரைக்கும் நடந்தோம்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளைத் தறிக்கிற அந்த வளைந்த கத்தியைச் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து தீட்டுவது வழக்கம். நான் போன நேரம், ஒரு பக்கம் அத்தை சாட்சி சொல்ல, அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் அழத் தொடங்கினேன். நான் கிள்ளவில்லை, ஒட்டத்தான் பார்த்தேன் என்றேன். ஒட்டப் பார்த்தேன் என்பது இன்னும் மோசமாகக் கேட்டது.

மாமா கூடாரத்துக்குள் போனார். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவன் இல்ல மச்சான். கிள்ளுன ஆளு ஒவ்வொண்ணையும் தோளுக்குப் பின்னால வீசியிருக்கு. முதுகுல கூடை இருக்குன்னு நெனச்சிக்கிட்டு."

அப்பா தீட்டுவதை நிறுத்தினார்.

அம்மா மலையிலிருந்து வந்தாள். மழைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலில் நாங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து, என்ன என்று கேட்டாள். மாமா கூடாரத்தைக் காட்டினார். அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவளுக்கே அப்போதுதான் தெரியும்போல.

"நேத்து மழைக்கு வந்தேன் தம்பி" என்றாள். "கக்கத்துல கிள்ளத்தான் போனேன். வெளிய ஊத்துது. உள்ள ஒரு சொட்டு விழல. அப்படியே நின்னுட்டேன். கை சும்மா இருக்கல போல."

கூடாரத்தின்மேல் மழை தட்டிக்கொண்டிருந்தது. அம்மா கூடையை இறக்கக்கூட மறந்து நின்றாள். "பிரிச்சிருங்க" என்றாள் அப்பாவிடம். "கூரைக்கே போட்டுக்குவோம்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. விடுதலையும் கிடைத்து, பொலித்தீனும் கிடைக்கப்போகிறது. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கத்தியைத் துணியில் துடைத்தார். மெதுவாகத்தான் துடைத்தார்.

"நான் வெட்டுற தேயில சாகுதா புள்ள?" என்றார். "தலைய எடுத்தா பக்கத்துல வரும். நிக்கட்டும்."

வந்தது. தலை போன ஒவ்வொரு செடியிலும் கக்கத்திலிருந்து துளிர் கிளம்ப, மாமா ஒன்றுக்கு இரண்டாகத் தேர்ந்து கயிற்றில் ஏற்றிவிட்டார். காய்ப்பு பிந்தியது, ஆனால் வந்தது. வெளியே குட்டை, மாமா சொன்னபடி, மழைக்கு முந்திக் காய்த்து முடித்திருந்தது. அதன் காய் சின்னது, புளிப்பு; சம்பலுக்கு அதுதான் நல்லது என்று அத்தை ஒரு கூடை கொண்டுபோனாள். நெட்டையின் முதல் பழத்தை அம்மா குனியாமல், கண்ணுக்கு நேரே, கூடை இல்லாமல் பறித்தாள்.

அப்பாவிடம் கூரையைப் பற்றி நான் கேட்டுப் பார்த்தேன். நிபந்தனை காய்ப்பைப் பற்றித்தானே, பிந்திய காய்ப்பு கணக்கில் வருமா என்று வழக்குரைஞர் மாதிரி வாதாடினேன். அப்பா விறகை வெளியே இறவாரத்துக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தைக் காலால் காட்டி, "தள்ளிப் படு" என்றார். அந்த வருஷம் என் பாய் இருந்த இடத்தில் ஒரு சட்டி மட்டும் படுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அதன் பிறகு மழை நாட்களில் அம்மா மலையிலிருந்து வந்ததும் கூடையை வாசலில் வைத்துவிட்டு, படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, நேரே கூடாரத்துக்குள் போய்விடுவாள். பறிக்கப் பழம் இருக்காது. கிள்ளத் துளிர் இருக்காது. பொலித்தீனுக்குள்ளே, செடிகளுக்கு நடுவே, மங்கலாக நின்றுகொண்டிருப்பாள்.

என்னை இன்னும் நம்பவில்லை, தலைகளை எண்ணிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். வாசலில் நின்றுகொண்டு, மழைக்கு மேலாகக் கத்துவேன்.

"நான் ஒண்ணையும் தொடலம்மா."

அம்மா திரும்பாமலேயே சரியென்று தலையாட்டுவாள். ஆனால் உடனே வெளியே வரமாட்டாள்.